அகந்தையால் வந்ததா நாத்திகம்?

1930 அக்டோபரில், லாகூர் மத்திய சிறையில், தூக்குத் தண்டனை உறுதி என்று தெரிந்திருந்த நிலையில் பகத் சிங் ‘நான் ஏன் நாத்திகன்’ என்ற கட்டுரையை எழுதினார். அப்போது அவருக்கு வயது 23. கடவுள் உண்டா என்ற வினாவை அவர் முதலில் எடுக்கவில்லை. அவரது நாத்திகம் அகந்தையின் விளைவு என்று நண்பர் சிலர் சொன்ன குற்றச்சாட்டையே முதலில் எடுத்தார். சிறையில் அவரைச் சந்தித்த கதர் (Ghadar) புரட்சிக் கட்சியைச் சேர்ந்தவரும் ஆழ்ந்த சீக்கிய பக்தருமான பாபா ரந்தீர் சிங், ‘புகழ் உன் தலைக்கேறிவிட்டது’ எனக் கடிந்ததாகவும் கூறுவர்.

அவர் தந்த விடையின் முதல் அடுக்கு தருக்கம். அகந்தை முற்றியவன் கடவுளோடு போட்டியிடலாம். அல்லது தன்னையே கடவுள் எனலாம். போட்டியிட எதிராளி வேண்டும். தன்னைக் கடவுள் என்பவனோ அப்படியொரு நிலை உண்டென்று ஒப்புகிறான். இருவருமே நாத்திகர் அல்லர். (நம் புராணத்து இரணியனை எண்ணிப் பார்த்தால் இது உடனே விளங்கும்.) அடுத்த அடுக்கு காலவரிசை. லாகூரில் பள்ளி விடுதியில் சிறுவயதில் மணிக்கணக்காகக் காயத்ரி ஓதியவர், 1926 இறுதிக்குள் நம்பிக்கையைத் துறந்துவிட்டார். அவருக்குப் புகழ் தந்த சட்டமன்றக் குண்டுவீச்சு நிகழ்ந்தது 1929 ஏப்ரலில். புகழ் வருமுன்பே நம்பிக்கை போயிற்று.

ஆயினும் இதற்கும் அடியில் ஒன்று உண்டு. ஒரு கருத்து அகந்தையிலேயே பிறந்தது என்று வைத்துக்கொண்டாலும், அதனால் அது பொய்யாகிவிடாது. பிறப்பிடம் வேறு, மெய்ம்மை வேறு. இங்கேதான் பகத் சிங்கும் சறுக்குகிறார் என்பது என் எண்ணம். துயரமும் கொடுமையும் நிறைந்த உலகை எல்லாம் வல்லவன் ஏன் படைத்தான் என்று அவர் கேட்பது நேரான வாதம். அதற்கு ஆத்திகர் விடை சொல்லியாக வேண்டும். ஆனால் இடர்களில் துணிவு பெறவே மனிதன் கடவுளைக் கற்பித்துக்கொண்டான் என்று அவர் விளக்கும்போது, தம்மீது வீசப்பட்ட அதே ஆயுதத்தை எதிர்த்தரப்பின் மீது வீசுகிறார். ‘நீ செருக்கால் மறுக்கிறாய்’ என்பதும் ‘நீ அச்சத்தால் நம்புகிறாய்’ என்பதும் ஓரினம். இரண்டும் ஆளை அளக்கின்றன, கருத்தைத் தொடுவதில்லை.

ஆளையே அளப்பதானாலும், செருக்கு யாரிடம் குடியிருக்கிறது என்பதில் சைவ சித்தாந்தம் நாத்திகரைத் தனியே சுட்டுவதில்லை. ஆணவ மலம், அதாவது ஆணவமென்னும் அழுக்கு, எல்லா உயிர்க்கும் உண்டு என்பதே அதன் கொள்கை. ஆணவத்தின் வடிவம் யாதென வினவிய சகலாகம பண்டிதரை இளம் ஞானாசிரியர் மெய்கண்டார் ஏற இறங்கப் பார்த்தாராம். பண்டிதர் தம் நிலை உணர்ந்து மாணவராகி அருணந்தி சிவாசாரியார் ஆனார் என்பது மரபுவழி வரலாறு. ஆகமம் முழுவதும் கற்ற ஆத்திகரே அங்கே எடுத்துக்காட்டானார்.

மீண்டும் பகத் சிங்குக்கு வருவோம். கடைசி நாள்களிலாவது வேண்டிக்கொள் என்று ஒரு நண்பர் கேட்டபோது, அது தமக்கு இழிவு என்று பகத் சிங் மறுத்தார். அந்த மறுப்பில் பகுத்தறிவு மட்டுமன்றித் தன்மானமும் கலந்திருக்கிறது. அவரும் அதை மறைக்கவில்லை. 1931 மார்ச் 23இல் அவர் தூக்கிலிடப்பட்டார். கட்டுரை அதே ஆண்டு செப்டம்பரில் அச்சேறியது. 1930களிலேயே அதைத் தமிழாக்கியவர் ப. ஜீவானந்தம். ஆத்திக வாசகர் அதை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். நாத்திக வாசகர் இருமுறை.