வசைச்சொல்லும் அசத்தியமே



சத்திய அணுவிரதம் என்றவுடன், நாம் பொய் பேசுவதில்லையே என்று அமைதி கொள்கிறோம். அமிர்தசந்திர ஆசாரியரோ புருஷார்த்த சித்தியுபாயத்தில் அசத்தியத்தை நான்காகப் பகுத்துள்ளார். உள்ளதை இல்லையென்றல், இல்லாததை உண்டென்றல், ஒன்றை வேறொன்றாகக் கூறல் ஆகிய மூன்றும் எவருக்கும் விளங்கும். நான்காவதே நம்மைத் திடுக்கிடச் செய்வது. பழிச்சொல், பாவத்தைத் தூண்டும் சொல், கேட்போர் உள்ளத்தைப் புண்படுத்தும் சொல் ஆகியவற்றையும் அவர் அசத்தியத்திலேயே சேர்க்கிறார். குரோதமும் மானமும் மேலிட்டு எழும் சொல் பொருளை நோக்குவதில்லை. பேசுபவரின் கொதிப்பையே காட்டுகிறது.

2021 சட்டமன்றத் தேர்தலில் ஆ. இராசா அவர்கள் இரு தலைவர்களின் வளர்ச்சியை ஒப்பிட்டார். ஒருவர் படிப்படியாகக் கட்சிப் பணியில் உயர்ந்தவர், மற்றவர் திடீரெனப் பதவிக்கு வந்தவர் என்பது அவர் கருத்து. ஏற்கத்தக்கதோ மறுக்கத்தக்கதோ, அது ஒரு வாதம். ஆனால் அதற்குப் பிறப்பைக் குறித்த உவமை ஒன்றைக் கையாண்டார். அது அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியின் தாயாரை இழிவுபடுத்துவதாயிற்று. முதலமைச்சர் மேடையில் கண்கலங்கினார். இராசா மன்னிப்புக் கோரினார். தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் அவர் பிரசாரம் செய்யத் தடை விதித்தது. அந்த ஒப்பீடு சரியா, தவறா என்று பின்னர் யார் ஆராய்ந்தனர்? உவமை மட்டுமே நினைவில் நின்றது. எதிரி மீது எறிந்த சொல் எறிந்தவரின் வாதத்தையே புதைத்துவிட்டது. (எல்லாக் கொடிகளின் கீழும் இத்தகைய பேச்சைக் கேட்டிருக்கிறோம்; ஒரு கட்சியை மட்டும் சொல்வதற்கில்லை.)

நம் தாம்பரத்துக்கு வருவோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கின. பின்னர் எழுந்த பூசலெல்லாம் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தவர் யார் என்பதைச் சுற்றியே வளர்ந்தது. அவ்வேரியின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகே. முடிச்சூரோ அதற்கு மேற்புறத்தில் உள்ளது. அங்குப் பாய்ந்தது ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் வழிந்த நீர். இதனைச் சொல்லச் சில நிமிடங்கள் போதும். ஏசுவதற்கே நேரம் செலவிட்டால், வீட்டில் நீர் புகுந்த தாய்க்கு யார் இதனை விளக்குவது?

நம் நீலகேசி பௌத்தர், ஆசீவகர், சாங்கியர் எனப் பலரிடமும் சென்று வாதிடுகிறாள். அவரவர் கொள்கை இன்னதென்று வெளிப்பட்ட பின்னரே மறுக்கிறாள். அந்நூலில் ஏளனமே இல்லை என்று கூற மாட்டோம். ஆயினும் தோற்றவர் மனம் மாறுவது ஏளனத்தால் அன்று, காரணத்தால். மாற்றாரிடத்தும் ஒரு கூறு உண்மை இருக்கலாம் என்னும் அநேகாந்தம் கற்ற குலத்தினர் நாம். தொலைக்காட்சியில் ஒருவரை ஒருவர் இழித்துரைக்கும்போது நம் இல்லங்களில் கைதட்டல் எழுவது எவ்வாறு தகும்? குழந்தைகளும் அருகே அமர்ந்திருக்கின்றனர்.

வாக்குக் கேட்டு நம் வீதிக்கு வருவோரிடம் முதலில் எதிர்த்தரப்பின் வாதம் யாது என்று கேட்போம். அதனை அத்தரப்பினர் ஒப்பும்படி எடுத்துரைத்த பின் மறுப்பைச் சொல்லட்டும். ஆதனூர் ஏரி நிரம்பினால் நீர் எவ்வழி செல்லும் என்பதையும் சொல்லட்டும்.