சீதன வீட்டில் நான்காம் கட்டளை



பத்துக் கட்டளைகளில் நான்காவது சிறுபிள்ளைகளுக்கு உரியதென்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் அதை மனனஞ் செய்யும் பிள்ளைக்குப் பத்து வயது. திருமணமானதும் அக்கட்டளையோடு தமக்குள்ள கணக்குத் தீர்ந்ததென்று நினைப்போர் பலர். ஆனால் யேசு ஆண்டவர் அதை எடுத்து வாதாடியது யாரைக் குறித்து? மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பெற்றோருக்கு உதவவேண்டிய பொருளை 'கொர்பான்', கடவுளுக்கு நேர்ந்தாயிற்று, என்று சொல்லிக் கைகழுவிய வளர்ந்த பிள்ளைகளைக் குறித்து.

யாழ்ப்பாணத்தில் இக்கட்டளைக்குத் தனியானதொரு சோதனை உண்டு. ஆண்மகன் தாய் தந்தையரை விட்டு மனைவியோடு ஒன்றித்திருப்பான் என்று ஆதியாகமம் கூறுவது, எம்மவரிடையே எழுத்துக்கு எழுத்து நிறைவேறுகிறது. அவன் போய்ச் சேருவது பெண்ணின் சீதன வீட்டுக்கு. அங்கேயோ அவளைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையிலேயே சீதனம் பெண்ணின் சொத்து. இன்றும் நொத்தாரிசு எழுதும் உறுதியில், வீடு மகளுக்கு, சீவிய உரித்து பெற்றோருக்கு என்று பல குடும்பங்களில் முடிகிறது. உறுதியில் இரண்டு வரி. நடைமுறையில் ஒரு குசினி, இரண்டு எசமானிகள்!

மருமகன் பொறுப்பான உத்தியோகத்தர். ஆயினும் விறாந்தைக் கதிரையில் அமருமுன் மாமனார் வருகிறாரா என்று பார்க்கவேண்டும். மகளோ இரு பிள்ளைகளின் தாய். கோயிலால் பிந்தி வந்தால், எங்கே நின்றாய் என்ற கேள்வி. பிள்ளையைக் கண்டிக்க அவள் வாய் திறக்குமுன் அம்மம்மா குறுக்கே வந்துவிடுவார். கேட்பவர்கள் சிரிக்கலாம்; பத்து வருடம் அனுபவிப்பவர்களுக்குச் சிரிப்பு வராது. புனித இராயப்பரின் வீட்டிலும் மாமியார் இருந்தார், சகோதரரும் இருந்தார். ஆண்டவர் அந்த நெருக்கடிக்குள்ளேதான் நுழைந்தார்.

பெற்றோரே, கட்டளை வளர்ந்த பிள்ளையிடம் கேட்பது மதிப்பை. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும், பிள்ளை சொந்தக் காலில் நின்றதும் கீழ்ப்படியும் கடமை முடிகிறது, மதிப்பு முடிவதில்லை என்று பிரித்துக் காட்டுகிறது. எழுதிக் கொடுத்த வீட்டை நாள்தோறும் வாயால் திருப்பி வாங்காதீர்கள். "இது நான் கட்டின வீடு" என்ற சொல் விழும்போது, மருமகன் தன் பிள்ளைகள் முன்னால் வாடகைக்காரனாகிறான். புனித சின்னப்பர் எபேசியருக்கு எழுதியபோது பிள்ளைகளுக்குச் சொன்னதோடு நிறுத்தவில்லை. பிள்ளைகளுக்குக் கோபமூட்டாதிருக்கத் தகப்பன்மாருக்கும் சொன்னார்.

பிள்ளைகளே, முதல் வெள்ளியில் நோயாளருக்கு நற்கருணை கொண்டுபோகும் குருவானவரின் கண்ணில் ஒன்று படும்: கட்டில் எங்கே போடப்பட்டிருக்கிறது? சில வீடுகளில் முன்னறையில், ஆட்கள் போய்வரும் இடத்தில். சில வீடுகளில் பின்பத்தியில், நெல்மூட்டைக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவில். உறுதியில் கையொப்பமிட்ட கை அங்கே கிடக்கிறது. சாப்பாடு நேரத்துக்குப் போகிறது, மருந்தும் போகிறது. கதைக்க ஆள் போவதில்லை. தகப்பனின் அறிவு மங்கினாலும் பொறுத்துக்கொள் என்னும் சீராக் நூலின் மூன்றாம் அதிகாரத்தை அந்தக் கட்டிலடியில் நின்று வாசிக்கவேண்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, கைவிடப்பட்ட பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரி முறையிடலாம். சட்டம் காசு வாங்கிக் கொடுக்கும். கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவராது.

இன்னொரு கூட்டத்தாரை விட்டுவிட முடியாது. ரொறன்ரோவிலிருந்தும் பரிசிலிருந்தும் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைத்து, "அம்மாவை வடிவாய்ப் பார்" என்று தங்கைக்கு உத்தரவிடும் அண்ணன்மாரே, நீங்கள் காசு அனுப்புவது நல்ல காரியம். ஆனால் இரவில் மூன்று தரம் எழும்புகிறவள் அவள். அடுத்த ஆவணியில் விடுமுறைக்கு வரும்போது, ஒரு கிழமைக்காவது தாயாரை நீங்கள் பொறுப்பெடுத்து, தங்கையையும் மச்சானையும் பிள்ளைகளோடு மடுத் திருநாளுக்கு அனுப்பிவையுங்கள்.