துப்பாக்கியின் தாழும் அப்பமாதமும்

ஓசூர் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திரத்திற்கும் இடையே உள்ள ஹெப்பகோடியில் ஆலைகளும் வங்கிகளும் மிகுதி. அவற்றின் வாயில்களிலும், பணம் ஏற்றிச் செல்லும் வண்டிகளிலும் துப்பாக்கி ஏந்தி நிற்போரை நாள்தோறும் காண்கின்றோம். பஞ்சசீலம் ஏற்ற ஒருவர் இப்பணியில் அமரலாமோ என்னும் வினா நம்மிடையே எழுவதுண்டு. பகவான் உபாசகர்க்கு விலக்கிய 5 வாணிபங்களுள் ஆயுத விற்பனை முதலாவது. காவற்பணி அவற்றுள் ஒன்றன்று. ஆதலின் அவ்வினாவை நீட்டாது, அதனினும் கடியதொன்றை ஆராயப் புகுகின்றோம். எவரையும் கொல்லும் எண்ணமின்றி ஏந்திய துப்பாக்கி தானே வெடித்து ஓருயிரைப் போக்குமாயின், ஏந்தியவர்க்குப் பழியுண்டோ?

இல்லையென விடையிறுத்தல் எளிது. உயிர் இருத்தல், அதனை உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, அதனால் நேரும் சாவு ஆகிய ஐந்தும் கூடினாலன்றிக் கொலை நிறைவுறாது என்பர் உரையாசிரியர். காவலரோ இன்னும் சுருக்கமாக, 'சேஃப்டி போட்டிருந்தேன்' என்பர்.

அந்தச் சேஃப்டி யாதென அறிதல் வேண்டும். வங்கிக் காவலர் பெரும்பாலும் ஏந்துவது 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி. குழல்களின் பின்னே கட்டைவிரல் படுமிடத்தில் சிறு தாழ் ஒன்று உண்டு. அதனைப் பின்னுக்குத் தள்ளினால் விசை அசையாது. அவ்வளவே! இவ்வகையிற் பலவற்றில் அத்தாழ் விசையை மட்டுமே தடுக்கும்; உள்ளே வில்லின் அழுத்தத்தில் நிற்கும் சுத்தியலைத் தடுக்காது. சுத்தியலைப் பிடித்து நிற்கும் கொக்கி பல்லாண்டுகளில் தேய்ந்து மழுங்கியிருப்பின், சுவரிற் சாய்த்த துப்பாக்கி சரிந்து விழும் அதிர்ச்சியே தோட்டாவை வெடிக்கச் செய்யலாம். அப்போதும் தாழ் பூட்டியபடியே இருக்கும். குழலை மடித்துத் தோட்டாவை எடுத்துவிட்ட துப்பாக்கி ஒன்றே வெடிக்க இயலாதது. ஏனைய பொழுதெல்லாம் குழல்வாய் மனிதரை நோக்காதிருத்தலும், சுடும் வேளையன்றி விரல் விசையைத் தொடாதிருத்தலுமே காப்பு. இவ்விரண்டையும் எந்தத் தாழும் நமக்காகச் செய்வதில்லை.

விநய பிடகத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பிச்சைக்குச் சென்ற பிக்கு ஒருவர் ஓர் இல்லத்தில் இருக்கையொன்றில் அமர்ந்தார். அதன்மேல் துணியால் மூடப்பட்டிருந்த குழந்தை நசுங்கி இறந்தது. அவர்க்குக் கொல்லும் எண்ணமில்லை. ஆகவே சங்கத்தினின்று நீக்கும் பாராஜிகக் குற்றம் இல்லையெனப் பகவான் தீர்த்தார். ஆனால் அதனோடு அமையவில்லை. இனி இருக்கையைப் பாராது அமர்தல் குற்றமென விதி வகுத்தார். குழந்தை இருப்பினும் இல்லாவிடினும், பாராமையே குற்றம் என்பதைக் கவனிக்க வேண்டும். தமது இறுதி வேளையில் பகவான் வற்புறுத்திய அப்பமாதத்தின் பொருள் இவ்விடத்தில் தெளிவாக விளங்குகின்றது.

2021 டிசம்பர் 30ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், சுடும் பயிற்சித் தளத்தினின்று பாய்ந்த குண்டு வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் தைத்தது. 2022 ஜனவரி 3ஆம் நாள் அவன் இறந்தான். அன்று பயிற்சி செய்தோருள் எவர் அவனைக் கொல்லக் கருதியிருப்பார்? இலக்கிற்கு அப்பால் என்ன இருக்கிறதென்பது இலக்கினும் முதலிற் பார்க்கத் தக்கது. அங்கே ஊர் இருந்தது.

நாட்டுச் சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தம், பிறர் உயிர்க்கு ஊறு நேரும்படி துப்பாக்கியை அசட்டையாகக் கையாள்வோர்க்கு 2 ஆண்டு வரை சிறையோ, 1 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கின்றது. எனினும் தேய்ந்த துப்பாக்கியைக் கையிற் கொடுத்துச் செப்பனிடாதும், போதிய பயிற்சி தராதும் 12 மணி நேரம் நிற்கவைப்போரின் பாராமையை யார் கேட்பது? கூலிக்கு நிற்பவன் தலையில் மட்டும் பழியைச் சுமத்தல் நமக்கு உடன்பாடன்று.

ஹெப்பகோடியில் ஒரு வங்கி வாயிலில் பணிமாற்றத்தைக் கண்டோம். முதிய காவலர் குழலைத் தரைநோக்கி மடித்து, இரு தோட்டாக்களையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அடுத்து வந்த இளைஞர் அவற்றை எண்ணிப் பார்த்தார். பின் துப்பாக்கியை வாங்கியதும் குனிந்து, வெறுமையான குழல்களுள் தாமும் ஒருமுறை நோக்கினார்.