அச்சத்தின் மேல் எழுப்பிய அறம்

வெட்கம் ஈமானின் ஒரு கிளை. ஆயினும் அறிவைத் தேடும் இடத்தில் அது தடையாகிவிடலாகாது. மார்க்க விளக்கம் பெறுவதில் வெட்கம் தம்மைத் தடுக்க விடாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்துரைத்த செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. அதனைத் துணைக்கொண்டே, கைப்பழக்கம் என்று நம்மவர் மறைத்துக் கூறும் செயலைப் பற்றி மருத்துவ உலகம் கொண்டிருந்த எண்ணங்களை இங்கே ஆராய முற்படுகிறேன்.

என்னைத் தூண்டியவன் ஒரு மாணவன். பல்லாண்டுகளுக்கு முன் நடந்தது. பாடங்களை வரி பிசகாமல் ஒப்பிக்கும் அவன், சில மாதங்களில் மெலிந்து, எவரோடும் பேசாதவன் ஆனான். தனியே அழைத்துக் கேட்டபோது, "ஹஜ்ரத், என் மூளை வற்றிவிட்டது. இனி எனக்கு மனனம் வராது" என்று அழுதான். லாட்ஜ் அறையில் மாதம் ஒருமுறை வந்து தங்கும் வைத்தியர் ஒருவரிடம், வீட்டார் அனுப்பிய பணத்தையெல்லாம் இலேகியத்திற்குக் கொடுத்திருந்தான். மருத்துவமனையில் காட்டினோம்; உடலில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அவனைத் தின்றது அச்சமே. அந்த அச்சத்தை முதலில் விதைத்தவர் அவ்வைத்தியர் அல்லர். இப்பழக்கம் கண்ணொளியைக் குறைக்கும், முதுகுத்தண்டை உலர்த்தும் என்று எங்கோ படித்ததை ஆராயாமல் வகுப்பில் எடுத்துரைத்தவன் நானே.

அக்கருத்து எங்கிருந்து வந்தது? அரபு நூல்கள் ஜாலீனூஸ் என்று குறிக்கும் கிரேக்க மருத்துவர் காலன், விந்து தேங்குவதும் கேடு, மிகுதியாகக் கழிவதும் கேடு என்றார். இப்னு ஸீனாவும் ஏறக்குறைய அவ்வழியே நின்றார். அவர்கள் பேசியது அளவைப் பற்றி. இச்செயலைக் கொடிய நோய்கள் பலவற்றின் தாயாக அவர்கள் காட்டவில்லை.

அந்தக் கொள்கை 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் வலுப்பெற்றது. 1712ஆம் ஆண்டையொட்டி, ஆசிரியர் பெயரின்றி இலண்டனில் வெளிவந்த 'ஒனானியா' என்னும் நூல், பாவத்தை இடித்துரைத்து, நோய்களை அடுக்கி, அவற்றைத் தீர்க்கும் மருந்தையும் தானே விளம்பரம் செய்தது. அச்சமும் மருந்தும் அன்றே ஒரே கடைச் சரக்காயின. பின்னர் ஸ்விட்ஸர்லாந்தின் லொசான் நகரைச் சேர்ந்த புகழ்பெற்ற மருத்துவர் டிஸ்ஸோ, 1760இல் இதே பொருளில் பிரெஞ்சு நூலொன்று வெளியிட்டார். ஓர் அவுன்ஸ் விந்தை இழப்பது நாற்பது அவுன்ஸ் இரத்தத்தை இழப்பதினும் கேடானது என்பது அவர் கூற்று. நம் ஊர் வைத்தியர்கள் கூறும் 'நாற்பது துளி' கணக்கை நினைத்துப் பாருங்கள்!

19ஆம் நூற்றாண்டில் பித்தும் வலிப்பும் முதுகுத்தண்டு நோயும் இதன் கணக்கில் எழுதப்பட்டன. மனநோய் விடுதிகளில் அடைபட்டோர் மறைவின்றி இச்செயலில் ஈடுபடுவதைக் கண்ட மருத்துவர்கள், நோயின் விளைவை நோயின் காரணம் என்று கொண்டனர். சிகிச்சையோ கொடுமையாயிற்று. இலண்டன் அறுவை மருத்துவர் பேக்கர் பிரௌன், பெண்களின் உறுப்பை அறுத்து வலிப்பைக் குணமாக்கியதாக 1866இல் நூல் எழுதினார். மறு ஆண்டே மகப்பேறு மருத்துவர் சங்கத்தினின்றும் நீக்கப்பட்டார். அமெரிக்க மருத்துவர் கெல்லாக், சிறுவர்க்கு மயக்க மருந்தின்றி முன்தோலை நீக்கும்படி பரிந்துரைத்தார். வலியே தண்டனையாகட்டும் என்பது அவர் கருத்து.

இவர்களுக்கிடையே என் நெஞ்சில் நின்றவர் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட். இச்செயலை அவர் மனமார வெறுத்தார். இறைவன் விலக்கிய அசுத்தம் என்றே எண்ணினார். ஆயினும் 1875இல் வெளியான தம் சொற்பொழிவில், அதே அளவில் நிகழும் தாம்பத்திய உறவைக் காட்டிலும் இது கூடுதலாகவோ குறைவாகவோ தீங்கு செய்வதில்லை என்று ஒப்புக்கொண்டார். இதைவிடக் கடுமையாகச் சொல்ல இயலவில்லையே என்று வருந்தினாரேயன்றி, வருத்தத்திற்காக உண்மையை வளைக்கவில்லை.

பின்வந்த ஆய்வுகள் பழைய கொள்கையைச் சாய்த்தன. 1905இல் மேகநோய்க் கிருமி கண்டறியப்பட்டது. முதுகுத்தண்டு அழிவுக்கும் ஒருவகைப் பித்துக்கும் அதுவே காரணம் என்பது தெளிவாயிற்று. 1948இல் கின்ஸி வெளியிட்ட ஆய்வில், ஆடவருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இப்பழக்கத்தை ஒப்புக்கொண்டனர். இதனால் கண் கெடுமாயின் ஊரெல்லாம் குருடராயிருக்க வேண்டுமே! மாறாக, விந்து இழப்பால் உடல் அழிகிறது என்னும் அச்சமே நம் நாட்டு இளைஞரை வாட்டும் நோய் என்று உணர்ந்து, 1960இல் மருத்துவர் விக் அதற்குத் 'தாது' நோய்க்குறி என்று பெயரிட்டார். இத்தகைய அச்சத்தை விலையாக்கும் மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் சட்டம் வந்தது, சுவரொட்டிகள் ஓயவில்லை.

இனி நம்மிடம் வருவோம். இமாம் ஷாஃபிஈ அவர்கள் 'அல்முஃமினூன்' அத்தியாயத்தின் வசனங்களைக் கொண்டு இதனை ஹராம் என்றார்கள். ஹனஃபி அறிஞர்கள், விபச்சாரத்தில் வீழும் அச்சம் உள்ளவனுக்குத் தளர்வு காட்டினர். இப்னு ஹஸ்மு, இது உயர்ந்த ஒழுக்கமன்று, ஆயினும் ஹராமன்று என்றார். வசனத்தை வைத்து வாதிட்டார்களேயன்றி, கண் கெடும் என்ற கதையை வைத்து அல்ல. இச்செயலைச் செய்பவன் சபிக்கப்பட்டவன் என்று நபிகளாரின் பெயரால் மேடைதோறும் கூறப்படும் வாசகத்தையும் முல்லா அலீ காரீ அடிப்படையற்றது என்று பதிவு செய்துள்ளார். மக்களை நன்மையின்பால் ஈர்க்கவே இட்டுக்கட்டினோம் என்றவர்களையும் ஹதீஸ் கலை அறிஞர்கள் பொய்யர் பட்டியலிலேயே சேர்த்தனர்.

விலக்கலுக்குக் காரணம் இறைக்கட்டளை என்றால் அதனை அப்படியே சொல்வோம். பொய்யை முட்டுக்கொடுத்து நிறுத்திய அறம், பொய் வெளிப்படும் நாளில் தானும் சாயும். அதற்குள் எத்தனை இளம் உள்ளங்கள் நசுங்கியிருக்கும்!

அம்மாணவன் தேறினான். அடுத்த வகுப்பில், முன்பு நான் சொன்னது தவறு என்று எல்லார் முன்னும் கூறினேன். ஓர் ஆசிரியனுக்கு அது எளிதன்று. ஆயினும் என் சொல்லால் இன்னொருவன் இலேகியக் கடைக்குப் போவதைக் காட்டிலும் எளிதே.