நிழலில் காயும் கல்

பகல் முழுக்க வாங்கிய வெயிலை ராஜகிரி மலை இரவு பத்து மணிக்கும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். செஞ்சிக் கோடை அப்படி. ஓர் அறைக்காவது ஆத்தங்குடிப் பூக்கல் தரை போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றது அதனால்தான். பத்துக்குப் பத்து அறை, பத்து அங்குலக் கல். சுவரோரக் கரைக்கு 44, நடுவில் 100. நான்கு கல் கூடினால் ஒரு பூ. ஆக, 25 பூ.

*

கல் வாங்கக் காரைக்குடிப் பக்கம் போனபோது, ஆத்தங்குடிப் பட்டறை ஒன்றில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கல்லைக் குப்புறக் கிடத்தித்தான் செய்கிறார்கள். கீழே கண்ணாடி, அதன்மேல் சதுரச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவில் வளைத்த உலோக அச்சு. சிமெண்டும் நிறப்பொடியும் மோர்க்குழம்புப் பதத்தில் கரைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் சின்னக் கரண்டியால் இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை என்று ஊற்றிக்கொண்டே போனார். பிறகு மூச்சை அடக்கி அச்சை நேர் மேலே தூக்கினார். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன, கலக்கவில்லை. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையைப் போட்டுச் சமன் செய்தார்.

சூளை கிடையாது. நெருப்பே இந்தக் கல்லைத் தொடுவதில்லை. முதலில் நிழலில் கிடக்கிறது, பிறகு சில நாள் தொட்டித் தண்ணீரில் ஊறுகிறது, கடைசியில்தான் வெயில். காய்ந்ததும் கண்ணாடி தானாகக் கழன்றுகொள்கிறது. அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடுகிறது.

*

பாண்டிச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சியிலிருந்து போன தூண்கள். சிறுவயதில் அவற்றைக் காட்டத்தான் அப்பா என்னை அழைத்துப்போனார். ஆனால் என் நினைவில் நின்றது, அங்கே ஒரு பழைய பிரெஞ்சு வீட்டில் பார்த்த பூக்கல் தரை. சிமெண்டில் பூ வார்க்கும் இந்த வித்தை 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பிறந்தது. வெளிநாட்டுக் கல்லுக்கு ஈடாக இங்கேயே செய்ய வேண்டும் என்ற சுதேசி எண்ணத்தில் 1922இல் பம்பாயில் சித்வா குடும்பத்தார் ஒரு கம்பெனியைத் தொடங்கினார்கள். ஆத்தங்குடியிலோ அந்த வித்தை உள்ளூர் மணலும் கைப்பழக்கமும் சேர்ந்து ஓர் ஊரின் தொழிலாகவே ஆகிவிட்டது.

*

கல் வந்து இறங்கியது. ஒரே நாளில் செய்த கற்களிலும் பச்சை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறது. முதலில் ஏழு கல்லைத் தனியே எடுத்து வைத்தேன். மேஸ்திரி எதுவும் சொல்லாமல் அவற்றை மற்ற கற்களோடு கலந்து பதித்தார். இப்போது அந்த ஏழும் எவை என்று எனக்கே தெரியவில்லை.

பதித்து முடித்ததும் உமி தூவித் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தார். “நடங்க சார், நடக்க நடக்கத்தான் பளபளப்பு வரும்” என்றார்.

*

முன்பு குடியிருந்த வாடகை வீட்டிலும் சிவப்புப் பூக்கல் தரை இருந்தது. கறை போக வேண்டுமென்று யாரோ ஆசிட் ஊற்றியிருக்கிறார்கள். ஒரு மூலை மட்டும் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடக்கும். சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பை அமிலம் அரித்துவிடும். எலுமிச்சைச் சாறு சிந்தினாலும் உடனே துடைத்துவிட வேண்டும். மற்றபடி பயமில்லை. நிறம் மேலே அடித்த வர்ணமல்ல, சில மில்லிமீட்டர் கனத்துக்கு உள்ளே இறங்கியிருப்பது. தேய்ந்தாலும் பூ பூவாகவே இருக்கும்.

*

மின்சாரம் போன இரவு. பாயை ஒதுக்கிவிட்டு வெறுந்தரையில் படுத்தேன். முதுகுக்குக் கீழே ஒரு குளிர்ச்சி மெல்ல ஏறியது. தொட்டித் தண்ணீரில் ஊறிக் கிடந்த நாட்கள் இன்னும் அதற்குள் இருப்பதாகத் தோன்றியது. ஜன்னலுக்கு வெளியே மலை கொதித்துக்கொண்டிருந்தது.

*

உங்கள் தாத்தா வீட்டில் இப்படி ஒரு தரை இருந்தால், பழசாகிவிட்டது என்று அதன்மேல் புது டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, ஒரு மாதம் துடைத்துப் பாருங்கள்.