தம்மமும் பள்ளியும்: மேலூர்க் குன்றுகளில் இரு மொழிகள்

மதுரைக்கு வடகிழக்கே, மேலூர் வட்டாரத்தில் உள்ள மாங்குளம் மீனாட்சிபுரக் குன்றில் ஆறு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அவற்றைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கணித்தார். பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி, நந்தசிரி குவன் என்ற துறவிக்குக் குகைப் பள்ளி அமைத்துக் கொடுத்ததை முதல் கல்வெட்டு கூறுகிறது. வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தார், அதாவது வணிகக் குழுவினர், கொடுத்த கொடையும் இங்கே பதிவாகியுள்ளது. தமிழும் பிராகிருதமும் ஒரே பாறையில், ஒரே தொடருக்குள் கலந்து நிற்கின்றன. வேற்று மொழி பேசும் நாட்டுக்குள் வரும் ஒரு சமயம் தன் சொற்களை எதுவரை காத்துக்கொள்கிறது, எங்கே கேட்போரின் மொழிக்கு வழிவிடுகிறது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று.

1882-இல் ராபர்ட் சீவெல் இக்கல்வெட்டுகளைக் கவனத்துக்குக் கொண்டுவந்த பிறகு, இவற்றின் மொழி எது என்பதே நெடுங்காலம் விளங்கவில்லை. அசோகர் கல்வெட்டுகளைப் படிக்கும் முறையில் படித்தவர்களுக்குப் பொருளற்ற சொற்களே கிடைத்தன. காரணம் எழுத்துமுறையில் இருந்தது. அசோகப் பிராமியில் மெய்யெழுத்துக்குள் அகரம் அடங்கியிருக்கும். மாங்குளத்து முறையிலோ வெறும் எழுத்து மெய்யையே குறிக்கும். அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் ஒரே கோடு. ஆகவே இம்முறையில் எழுதிய ‘மகன்’ என்ற சொல், வடக்கத்திய முறையில் படிப்பவருக்கு ‘மாகான’ என்று தோன்றும். 1924-இல் சென்னையில் நடந்த அனைத்திந்திய கீழ்த்திசை மாநாட்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இம்மொழி தமிழே என்று நிறுவினார். ழ, ள, ற, ன ஆகிய ஒலிகளுக்குத் தனி எழுத்துகள் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். இவற்றுள் ழகரமும் றகரமும் பிராகிருதம் அறியாத ஒலிகள். அவற்றுக்காக எழுத்தையே புதிதாக உருவாக்கியிருக்கிறார்கள் என்றால், எழுதியவர்களின் காதில் இருந்த மொழி எது என்பதில் ஐயமில்லை.

மொழி தெளிந்ததும் சமயக் கேள்வியும் தெளிந்தது. முன்னைய ஆய்வாளர் சிலர் இவற்றைப் பௌத்தத் துறவியரின் குகைகளாகக் கருதினர். மாங்குளத்தில் நந்தசிரியின் பெயருக்கு முன் ‘கணி’ என்ற சொல் நிற்கிறது. தமிழில் சொல் முதலில் க, ‘ga’ என்ற ஒலிவேறுபாடு எழுத்தில் இல்லாததால், இது சோதிடம் அறிந்தவரைக் குறிக்கும் ‘கணி’யாகவும் இருக்கலாம், சமணத் துறவியர் குழுவான கணத்தின் தலைவரைக் குறிக்கும் பட்டமாகவும் இருக்கலாம். பள்ளியைப் பெறுபவர் அவரே என்பதால் இரண்டாம் பொருளே பொருத்தமானது. மகாதேவனும் அவ்வாறே கொண்டார். பக்கத்துக் குன்றுகளான அரிட்டாபட்டியிலும் கீழவளவிலும் பிற்காலத்தில் செதுக்கப்பட்ட சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் இம்முடிவுக்கு வலுச் சேர்க்கின்றன.

பெயர்கள் தமிழாகும்போது ஒலிகள் ஒழுங்காகவே மாறுகின்றன. திருவாதவூர்க் கல்வெட்டில் வரும் ‘அரிதன்’ என்பது ஹகரம் இழந்த ‘ஹரித’. சொல் முதல் சகரமும் இப்படி விழுவதுண்டு: சிராவணம் ஆவணியாயிற்று, சிரவிஷ்டை அவிட்டமாயிற்று, சமணர் அமணர் ஆயினர். ஒருமுறை நேர்ந்தால் தற்செயல் எனலாம். சொல்லுக்குச் சொல் திரும்ப நேர்வதால்தான் ஒலி ஒப்பீடு வரலாற்றுக்குச் சான்றாகிறது.

இந்த விதிக்கு மாங்குளத்தில் ஒரு விலக்கு உண்டு. ‘தம்மம்’ என்ற பிராகிருதச் சொல்லை எழுதியவர் தமிழ்த் தகரத்தால் எழுதவில்லை. மூச்சொலி கலந்த வடமொழித் தகரத்துக்குரிய பிராமி எழுத்தையே வைத்தார். தமிழில் அறம் என்ற சொல் இருந்தும் அதைத் தேடவில்லை. இது சாதாரண முடிவன்று. காந்தகாரில் 1958-இல் கண்டெடுக்கப்பட்ட அசோகரின் இருமொழிக் கல்வெட்டில் இதே தம்மம் கிரேக்கத்தில் ‘யூசெபேயா’, அதாவது இறைபக்தி, என்றும், செமிட்டிக் மொழியான அரமேயத்தில் ‘உண்மை’ என்ற பொருள் தரும் சொல்லாகவும் வருகிறது. கேட்போருக்குப் பழகிய சொல் புரிதலைத் தந்தது. கூடவே அவர்களது பழைய பொருளையும் உள்ளே கொண்டுவந்தது. எத்தியோப்பியா மற்றொரு வழியைக் காட்டுகிறது. குஷிட்டிக் மொழிகளைப் பேசுவோர் சூழ வாழ்ந்த கீஸ் மொழியினர் நான்காம் நூற்றாண்டில் கிறித்தவரானபோது, நம்பிக்கைக்குரிய ‘ஹைமானோத்’ என்ற சொல்லை அரமேயத்திலிருந்து பெற்றனர். ஆயினும் கீஸும் அரமேயமும் ஒரே செமிட்டிக் குடும்பம்; குஷிட்டிக்கும் அதற்குத் தொலைவு உறவு. தமிழுக்கும் பிராகிருதத்துக்கும் அத்தகைய உறவு இல்லை. ஆகவே மாங்குளத்தில் தம்மம் அயல் ஒலியோடு நிற்பது, பொருள் கரைந்துவிடக் கூடாது என்ற அக்கறையைக் காட்டுவதாகவே கொள்ள வேண்டும்.

அந்த அக்கறை எல்லாச் சொற்களுக்கும் நீளவில்லை என்பதும் அதே அளவு முக்கியம். ‘கொடுபித்தோன்’ என்ற வினை தமிழ். கொடுத்த பொருளாகிய ‘பளி’, அதாவது பள்ளி, தமிழ். துறவியின் பட்டமும் பெயரும் வடக்கிலிருந்து வந்தன. அவருக்கு மக்கள் செய்ததெல்லாம் தமிழில் சொல்லப்பட்டது. தம்மம் என்ற வடிவம் பின்னாளில் தமிழ்ப் பேச்சில் நிலைக்கவில்லை. தருமமாகத் திரிந்தும் அறத்தோடு கலந்தும் போனது. பள்ளியோ சமணர் உறைவிடமாகத் தொடங்கி, பௌத்தருக்கும் பொதுவாகி, கல்விக்கூடமாகி, இஸ்லாம் வந்தபோது பள்ளிவாசலும் ஆனது. கேரளத்தில் கிறித்தவக் கோயிலுக்கும் அதுவே பெயர். வந்த சமயங்கள் தங்கள் கொள்கைச் சொற்களைக் காத்த அளவுக்கு இடத்தின் பெயரைக் காக்க முனையவில்லை. தங்க இடம் கொடுத்தவர்களின் சொல்லே போதுமாக இருந்தது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, ஒன்பது பத்தாம் நூற்றாண்டளவில், இதே குன்றுகளில் ஒரு சமணத் துறவி உருவங்களைச் செதுக்குவித்தார். வடமொழி ஆர்யநந்தி பிராகிருதத்தில் அஜ்ஜணந்தி ஆகும், தமிழில் அச்சணந்தி. கருங்காலக்குடியில் அவர் செய்வித்த சிற்பத்தின் கீழே உள்ள வட்டெழுத்து, அவர் பெயரோடு ‘செயல்’ என்ற தமிழ்ச் சொல்லை மட்டும் சேர்த்து முடிகிறது.