முதலைவாய்ப் பிள்ளையும் அரசின் வினையும்

பின்னல் இயந்திரங்களின் ஒலி இரவும் பகலும் ஓயாத திருப்பூருக்கு அணித்தே, கொங்குநாட்டுப் பாடல் பெற்ற பதிகளுள் ஒன்றாகிய திருப்புக்கொளியூர் அவிநாசி விளங்குகின்றது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் அத்தலத்து வீதியிலே சென்றருளும்போது, எதிரெதிராய் நின்ற இரண்டு மனைகளுள் ஒன்றில் மங்கல ஒலியும் மற்றொன்றில் அழுகை ஒலியும் எழக் கேட்டுக் காரணம் வினாவினார். ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் மடுவிற் குளிக்கச் சென்றமையும், அவருள் ஒருவனை முதலை விழுங்கினமையும், தப்பிய பிள்ளைக்கு இப்போது உபநயனம் நிகழ்தலின் இழந்த மனையார் அழுகின்றமையும் அங்குள்ளார் எடுத்துரைத்தனர். பெரியபுராணம் கூறும் இவ்வரலாற்றை அன்பர் யாவரும் அறிவர். ஆயினும், இதன்கண் நாம் ஊன்றி நோக்காது செல்லும் செய்திகள் இரண்டு உள.

பிள்ளையை இழந்த தாயும் தந்தையும் தம் துயரை மறைத்து முகமலர்ந்து வந்து சுவாமிகளை வணங்கினர். அஃது முன் நிகழ்ந்து கழிந்தது என்றே கூறினர். சுவாமிகளோ கழிந்ததென்று வாளா செல்லாது, மடு யாண்டுளது என்று கேட்டு அதன் கரையில் நின்றார். இது முதலாவது. அங்கு நின்று அவர் முதலையை நோக்கி இரந்திலர்; காலனையும் முதலையையும் பிள்ளையைத் தரச் சொல்லுமாறு அவ்விரண்டற்கும் மேலாகிய இறைவனிடத்தே விண்ணப்பித்தார். விழுங்கிய வாயோடு நில்லாமல், அதனை ஆளும் அதிகாரம் வரையில் அவ்விண்ணப்பம் சென்றது. இஃது இரண்டாவது.

முதலை மடுவில் மாத்திரம் வாழ்வதன்று. காக்கவேண்டிய அரசே ஒரோவழி முதலையாகி, ஒருவனைப் பிடித்துச் சென்று வதைத்து, உடலையும் மறைத்து, அவனை யாம் அறியோம் என்று கூறுதல் உண்டு. ஆண்டுகள் பல கழிந்து, ஆட்சியும் மாறியபின், அக்கொடுமைக்கு விடை கூறும் கடன் யாருக்கு உரியது? வினையையும் வினைப்பயனையும் தெளிய ஆராய்ந்த நம் சித்தாந்தம் இதற்கு என் சொல்லும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

திருப்பூர் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த காலத்தில், அக்கோயம்புத்தூர் நீதிமன்றத்திலே விசாரிக்கப்பட்ட வழக்கொன்று உண்டு. 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை இந்திய நாட்டில் நெருக்கடி நிலை நிலவியது. அந்நாளில், 1976 மார்ச் 1 விடியற்காலையில், கோழிக்கோட்டு வட்டாரப் பொறியியற் கல்லூரி மாணவராகிய ராஜன் என்பவரைக் காவலர் பிடித்துச் சென்றனர். கக்கயம் என்னுமிடத்து முகாமில் அடைத்தனர். உலக்கையை உடலின்மேல் அழுத்தி உருட்டி வதைப்பது அம்முகாமின் வழக்கமாயிருந்தது. தந்தையார் ஈச்சர வாரியர் என்னும் பேராசிரியர். மகனைத் தேடி அதிகாரிகள் வாயிலிலும் அமைச்சர் வாயிலிலும் நின்றார். ஒருவரும் வாய் திறந்திலர். நெருக்கடி நிலை நீங்கியபின் கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுச் செய்தார். காவலில் வைத்ததே இல்லை என்று முதலில் மறுத்த அரசு, பின்னர்க் காவலிலேயே இறந்தான் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நெருக்கடிக் காலத்தில் உள்துறை அமைச்சராயிருந்து, 1977 மார்ச் 25இல் முதலமைச்சராகிய கருணாகரன், ஒரு திங்கள் கழித்து ஏப்ரல் 25இல் பதவி விலகினார். பின்னாளில் மீண்டும் முதலமைச்சரானார். கோயம்புத்தூரில் நடந்த விசாரணையில் காவல் அதிகாரிகள் சிலர் தண்டனை பெற்றனர். மேல்முறையீட்டில் அத்தண்டனை நிலைபெறவில்லை. ராஜன் உடல் இன்றுகாறும் கிடைத்திலது. 2000இல் தாயாரும் 2006இல் தந்தையாரும் காலமாயினர்.

இக்கொடுமையின் தன்மையை அன்பர்கள் உன்னுக. பிள்ளை இறந்தானென்று நீர்க்கடன் ஆற்றினால், உயிரோடிருக்கலாம் என்னும் நம்பிக்கையைப் பெற்றவர் தம் கையாலேயே கொன்றவராவர். ஆற்றாதொழியின், கடன் வழுவியவராவர். எரித்தற்கு உடலில்லை, நினைத்தற்குத் திதியில்லை. கொலை செய்தவன் ஓர் உயிரை உடலினின்று பிரிக்கின்றான். கொன்று மறைத்தவனோ இருப்போரையும் துயரினின்று பிரியவொட்டாமற் கட்டுகின்றான்.

இனி, இவர் துன்பம் இவர் முன்வினைப் பயன், வதைத்தவர் அதற்குக் கருவியாயினார் அத்துணையே என்பாரும் உளர். சைவர் எனப்படுவார் சிலர் வாயிலும் இச்சொல் வருதல் இரங்கத்தக்கது. நுகரப்படுவது பிராரத்தம், அந்நுகர்ச்சியின்கண் புதிதாய் ஈட்டப்படுவது ஆகாமியம். அடிபட்டவன் எதனைக் கழித்தான் என்பது இறைவன் அறிவது. அடித்தவன் எதனை ஈட்டினான் என்பதோ நாம் எல்லோரும் அறிவது. வினை சடமாகலின் தானே சென்று பொருந்தமாட்டாது. அதனைக் கூட்டுவிப்பவன் இறைவன். அத்தொழிலை அவன் எந்தக் காவலனுக்கும் ஒப்புவித்ததில்லை. அன்றியும், பிறர் துன்பத்தை அவர் ஊழென்று கூறும் ஒருவன் தன் பொருளைத் திருடியவனிடத்தும் அவ்வாறு கூறி அமைதி கொள்வானோ? கொள்ளான்; நீதிமன்றம் புகுவான். தனக்கு ஒரு நீதியும் பிறர்க்கு ஒரு தத்துவமும் வைத்தல் சமயம் ஆகாது.

அற்றேல், அரசன் செய்யும் தண்டம் ஈசன் அருள்வழிப்பட்டதென்று சிவஞான சித்தியார் கூறுமன்றோ எனின், கூறும். ஆயின், அங்குக் கூறப்படுவது யாது? பாவம் செய்தாரை ஒறுத்து, அப்பாவம் தீர்த்து, பின்பு அவர் நல்வழி நடந்து நிரயம் புகாவாறு செய்தலே அத்தண்டத்தின் பயன். ஆகவே, தண்டம் என்பது ஒரு 'பின்பு' உடையது. குற்றம் உண்டோ இல்லையோ என்று தெளியுமுன்னரே வதைப்பதும், வதைத்தபின் ஆளே இல்லையாகச் செய்வதும் 'பின்பு' இல்லாதன. மறக்கருணையும் கருணையே, கருணையற்ற மறம் வெறுங்கொலையே என்க.

இனி, அரசு என்பது ஒரு பெயர், செய்தது அரசு, அவ்வரசும் போயிற்று, இப்போது யாரைக் கேட்பது என்பர். இது முந்தியதினும் வலிய தடை. அரசு என்னும் அமைப்புக்கு உயிரில்லை. உயிரில்லதனை வினை பற்றாது. பற்றாதாகவே, அப்பெயர் எவருக்கும் ஒளியிடமாகவும் மாட்டாது. வினை பற்றுவது செய்தாரையும், செய்வித்தாரையும், உடன்பட்டு மறைத்தாரையுமே. பிந்தி வந்த அமைச்சர் முந்தையோர் பாவத்தை ஏற்பாரோ எனின், ஏலார். தந்தையின் பாவம் மகனைச் சாராது. ஆயினும் மனையைப் பெற்றவன் அதன் கடனையும் பெறுகின்றான். கருவூலமும் படையும் பழைய ஏடுகளும் தம் கைப்பட்ட பின்னர், அவ்வேடுகளைத் திறவாது பூட்டி வைப்பாராயின், அம்மறைத்தல் பழையோர் வினையன்று. இவர்கள் புதிதாய் ஈட்டும் வினையே ஆம்.

மனுநீதிச் சோழர் வரலாறும் இதனையே வற்புறுத்தும். அரசன் உயிர்களுக்கு நீக்கவேண்டிய அச்சம் ஐந்தென்று அவர் எண்ணும்போது, பகைவரையும் கள்வரையும் முன்வைத்திலர். தன்னால் வரும் அச்சத்தையும் தன் பரிசனத்தால் வரும் அச்சத்தையுமே முதற்கண் வைத்தார். கன்றை இழந்த பசு மணியை அசைத்தது. மன்னர் வெளியே வந்தார். பிராயச்சித்தத்தால் முடித்துவிடலாம் என்ற அமைச்சர் சொல்லை ஏற்றிலர். இக்காலத்து ஆட்கொணர்வு மனுவே அவ்வாராய்ச்சி மணி. நெருக்கடிக் காலத்தில், 1976 ஏப்ரல் 28இல், அம்மணியை அசைக்கும் உரிமை எவருக்கும் இல்லையென்று நாட்டின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. நீதிபதி கன்னா ஒருவரே மாறுபட்டு நின்றார். அத்தீர்ப்புத் தவறென்று அந்நீதிமன்றமே 2017இல் நீக்கியது. நாற்பத்தோராண்டு கழிந்தும் தவறு தவறே என்று ஓர் உயர்ந்த மன்றம் கூறக்கூடுமாயின், அமைச்சரவைகளுக்கும் காவல் துறைக்கும் அது கூடாதென்பது எவ்வாறு?

காலங்கடந்த நீதியும் கைகூடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுண்டு. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி என்னும் மலையடிவாரச் சிற்றூரில் 1992 ஜூன் 20 தொடங்கி வனத்துறையினரும் காவல் துறையினரும் வருவாய்த் துறையினரும் புகுந்து ஊரைச் சூறையாடி மக்களை வதைத்தனர். பதினெட்டுப் பெண்டிர் கற்பழிக்கப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளென 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் அதனை உறுதி செய்ததோடு அமையாது, அந்நாளைய மாவட்ட ஆட்சியர் முதலிய மேலதிகாரிகள்மீதும் நடவடிக்கை வேண்டுமென்று பணித்தது. முதலையோடு நில்லாது காலனையும் வினாவியது இதுவன்றோ!

இவ்வினாவில் நமக்கும் பங்குண்டு. 1932 ஜனவரி 10இல் திருப்பூர் வீதியில் கொடியேந்திச் சென்று, காவலர் தடியால் மண்டை பிளந்து, மறுநாள் உயிர்நீத்த குமரனை நாம் போற்றுகின்றோம், போற்றுதல் தக்கதே. ஆயினும், அன்னியன் ஆணையால் விழுந்த தடி கொடுமை, நம்மவர் ஆணையால் விழும் தடி ஒழுங்கு என்று கருதுவோமாயின், நாம் போற்றியது குமரனை அன்று, நம் பக்கத்தையே. நூலாலைக்கும் பனியன் பட்டறைக்கும் பிழைப்புத் தேடி வந்த ஏழை ஒருவனைக் காவல் நிலையத்தில் அடித்தார்களெனக் கேட்டு, 'திருடனாயிருப்பான்' என்று நம்முள் எத்துணைப் பேர் கடந்து போயினோம்! உடன்படுதலும் வினையே என்று ஓதியதை அந்நேரத்தில் மறந்தோம்.

சித்திரவதைக்கு எதிரான உலக உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையொப்பமிட்டது. வலிந்து காணாமற் போக்குதலுக்கு எதிரான உடன்படிக்கையில் 2007இல் கையொப்பமிட்டது. இரண்டனையும் இன்னும் ஏற்புறுதி செய்ததில்லை. ஏற்புறுதி செய்தால் மாத்திரம் துயர் தீர்ந்துவிடும் என்பதுமில்லை. பின்னதனை 2016இல் உறுதி செய்த இலங்கையில், போரின்போதும் போர் முடிவிலும் காணாமற் போனோரின் தாய்மார் 2017 பிப்ரவரி 20 முதல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலருகே அமர்ந்து தம் மக்கள் எங்கே என்று கேட்டனர். விடை கிடைக்காமலே அவருட் பலர் இறந்தும் போயினர்.

சுவாமிகள் பாட, முதலை உண்ட பிள்ளை வளர்ச்சியோடு மீண்டு வந்தான். அது திருவருள்; நம்மால் ஆவதன்று. இறந்தாரை மீட்க அரசினாலும் இயலாது. ஆனால் உண்மையைத் தருதல் இயலும். உடல் கிடக்கும் இடத்தைக் காட்டுதல் இயலும். ஏவினார் இன்னார் என்று கூறி, முறைப்படி ஒறுத்தல் இயலும். இயலுவதனைச் செய்யாது, கழிந்தது கழிந்தது என்பார்க்கு அவிநாசி வீதியின் அழுகை ஒலி இன்னும் கேட்கவில்லை போலும். அவ்வொலியைக் கேட்டு நின்றவரின் அடியார் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் நாம், மங்கல ஒலி எழும் மனையில் விருந்துண்டு, எதிர்மனையைப் பாராது போதல் தகுமோ? மடு யாண்டுளது என்று கேட்பதேனும் நம் கடனாகும்.